களத்துல ஹாலோஜன் லைட்: வைக்கோல் போருக்கு எவ்வளவு தள்ளி வைக்கணும்?

வடகரைக்காரன்:
மன்னார்குடி பக்கம் சம்பா அறுப்பு. ராத்திரி நெல் தூத்தவும் மூட்டை பிடிக்கவும் 500 வாட்ஸ் ஹாலோஜன் ஃபோகஸ் லைட் ரெண்டு இருக்கு. ஒண்ணுல முன்கண்ணாடி இல்ல. மூங்கில்ல கட்டி எரிய விடலாமா? பக்கத்துலயே வைக்கோல் போர், பனியும் கொட்டுது.

களத்துமேடு:
கண்ணாடி இல்லாததை எரிய விடவே கூடாதுங்க. உள்ள இருக்கிற குவார்ட்ஸ் குழாய் 250 டிகிரிக்கு மேல சூடாகணும், அப்பதான் அது ஒழுங்கா வேலை செய்யும். எரியும்போது அதையும் தாண்டிப் போகும். உள்ள வாயு அழுத்தமும் இருக்கு. பனித்துளி சொட்டினா வெடிக்கலாம், தெறிக்கிற துண்டு வைக்கோல்ல விழுந்தா போதும். புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதும் அந்தக் கண்ணாடிதான்.

விளக்கு மேல குறைந்தபட்ச தூரம் அச்சடிச்சிருப்பாங்க, பெரும்பாலும் 1 மீட்டர். களத்துக்கு அது பத்தாது, போருக்கு 3 மீட்டராவது விடுங்க. தூத்துற தூசி போற பக்கம் விளக்கு நிக்கக் கூடாது. முதுகுத் தகட்டு மேல பதர் படிஞ்சு பழுப்பாகி, கருகுற வாசம் வரும். அணைச்சு, நல்லா ஆறினப்புறம் தட்டி விடுங்க. சூட்டோட ஈரத்துணி போட்டா கண்ணாடி விரியும். மூங்கிலும் கயிறும் வேண்டாம், இரும்பு ஸ்டாண்டுல போல்ட் போட்டு முடுக்குங்க.

ஒயரிங்_திருவாரூர்:
கரண்டு எங்கேருந்து எடுக்கிறீங்க? மோட்டார் கொட்டகை ஸ்டார்ட்டர்ல ரெண்டு பேஸுக்கு நடுவுல மாட்டினா 400 வோல்ட்டுக்கு மேல ஏறி பல்பு வெடிச்சிரும். ஒரு பேஸை எடுத்து, நியூட்ரலுக்குப் பதிலா எர்த் கம்பியில கொடுக்கிறது அதைவிட மோசம். எர்த் விட்டுப்போச்சுன்னா விளக்கோட உடம்பு முழுக்க கரண்டு.

3 கோர் ஒயர் (பேஸ், நியூட்ரல், எர்த் மூணும் உள்ளது) 1.5 சதுர மிமீ-ல போடுங்க, கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்டு கசிஞ்சா தானா அணைச்சிடுற சுவிட்ச். ரெண்டு விளக்குக்கும் சேர்த்து நாலரை ஆம்பியர்கூட வராது. ஆனா விளக்குக்குள்ள சாதா பிவிசி ஒயர் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். சூடு தாங்குற சிலிக்கோன் ஒயர்தான் போடணும், இன்சுலேஷன் டேப் உருகிரும்.

பல்பு மாத்தும்போது விரல் படக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் வெள்ளை பூத்து, வீங்கி, உடையும். பருத்தித் துணியால பிடிங்க. நீளக் குழாய் கிடைமட்டமா இருக்கணும், 4 டிகிரிக்கு மேல சாய விடாதீங்க.

வடகரைக்காரன்:
அப்ப எல்இடிக்கே மாறிடலாமா?

ஒயரிங்_திருவாரூர்:
தாராளமா. 500 வாட்ஸ் ஹாலோஜன் ஒண்ணுக்கு 100 வாட்ஸ் எல்இடி ஃபிளட் லைட் சரியா வரும். ஐபி65 (தூசி புகாது, தண்ணி பட்டாலும் தாங்கும்ங்கிற தரக் குறி) பாத்து வாங்குங்க. ராத்திரி 10 மணி நேரம் எரிச்சா ரெண்டு ஹாலோஜனுக்கு 10 யூனிட், எல்இடிக்கு 2 யூனிட். அதுலயும் முதுகுப் பக்கம் சூடாகும், வைக்கோல் மேல சாத்தி வைக்காதீங்க.