ஜிமெயிலில் உள்ள மடல்கள், தொடர்புகள் எல்லாவற்றையும் தண்டர்பேர்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

நீலவானம்:
வணக்கம் நண்பர்களே. ஜிமெயிலில் 11 ஜிபி அளவுக்கு மடல் சேர்ந்துவிட்டது. லேபிள் மட்டும் நாற்பதுக்கு மேல். எல்லாவற்றையும் கணினியில் வைத்துக்கொண்டு, இணையத்தில் உள்ளதை அழித்து இடத்தைக் காலி செய்யப் பார்க்கிறேன். கணினியில் மடல் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்டில் ஐமேப் வழியாகக் கணக்கைச் சேர்த்தாயிற்று. ஃபோல்டர்கள் இடப்பக்கம் வரிசையாகத் தெரிகின்றன. இனி ஜிமெயிலில் அழிக்கலாமா? தொடர்புகளில் சுமார் 900 பேர் இருக்கிறார்கள், பாதிப் பெயர்கள் தமிழில். அவற்றை எடுக்க சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) நல்லதா, வி-கார்டு (முகவரி அட்டைக் கோப்பு) நல்லதா?

கம்பிவழி:
இப்போது எதையும் அழித்துவிடாதீர்கள். ஐமேப் என்பது கண்ணாடி மாதிரி. சர்வரில் இருப்பதைத்தான் தண்டர்பேர்ட் காட்டுகிறது. அங்கே அழித்தால் அடுத்த முறை இணையும்போது இங்கேயும் போய்விடும். மடல் முழுதாக உங்கள் டிஸ்கில் இறங்கியிருந்தாலும் இதே கதைதான். உங்களுடையதாக ஆக வேண்டுமானால் அது 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதிக்கு நகலாகப் போக வேண்டும். அதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன.

முதலில் ஜிமெயில் பக்கம். செட்டிங்ஸில் ஐமேப் தாவலைத் திறந்தால் 'ஃபோல்டர் சைஸ் லிமிட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அங்கே 1,000, 2,000 என்று ஏதாவது வரம்பு வைத்திருந்தால், ஒவ்வொரு ஃபோல்டரிலும் அத்தனை மடல்தான் தண்டர்பேர்டுக்குத் தெரியும். வரம்பில்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து லேபிள்கள் தாவலில் ஒவ்வொரு லேபிளுக்கும் எதிரே 'ஷோ இன் ஐமேப்' டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் இல்லாத லேபிள் தண்டர்பேர்டில் வரவே வராது.

பிறகு தண்டர்பேர்ட். அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பகுதிக்குப் போங்கள். எல்லா ஃபோல்டர்களின் மடல்களையும் இந்தக் கணினியில் வை என்ற டிக் வேண்டும். அதற்குக் கீழே இரண்டு பொறிகள்: 'கடந்த இத்தனை நாள் மடல்கள் மட்டும்' என்ற தேர்வு, 'இத்தனை கேபிக்கு மேல் உள்ள மடலை இறக்காதே' என்ற டிக். இரண்டுமே வேண்டாம். இரண்டாவதை டிக்கோடு விட்டுவைத்தால் பெரிய இணைப்பு உள்ள மடல்கள்தான் விடுபடும். உங்களுக்கு முக்கியமானவை பெரும்பாலும் அவையாகவே இருக்கும்.

இனி ஃபைல் மெனுவில் ஆஃப்லைன் என்பதன் கீழ் 'டவுன்லோட்/சிங்க் நவ்' கொடுங்கள். ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பி வரைதான் இறக்க ஜிமெயில் விடுகிறது. 11 ஜிபி என்றால் ஐந்து நாள் ஆகும். நடுவில் பிழை காட்டி நின்றால் கடவுச்சொல்லை மாற்றாதீர்கள், கணக்கை நீக்கிச் சேர்க்காதீர்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முழுதும் இறங்கிய பிறகு லோக்கல் ஃபோல்டர்ஸில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். மடல்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக், 'காப்பி டு'. 'மூவ் டு' வேண்டவே வேண்டாம்: நடுவில் அறுந்தால் எது எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒரே தடவையில் இருபதாயிரம் மடலைத் தூக்கினால் சத்தமில்லாமல் நின்றுபோகும். இரண்டாயிரம், மூவாயிரமாகப் பிரித்துச் செய்யுங்கள்.

பெட்டகம்:
கம்பிவழி சொன்னது சரி. ஆனால் ஜிமெயிலுக்கே உரிய ஒரு சிக்கலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜிமெயிலில் ஃபோல்டர் கிடையாது, லேபிள்தான். ஒரே மடலுக்கு மூன்று லேபிள் இருந்தால் தண்டர்பேர்டில் அது மூன்று ஃபோல்டரிலும் தெரியும், 'ஆல் மெயில்' என்பதிலும் தெரியும். எல்லாவற்றையும் நகலெடுத்தால் டிஸ்கில் நான்கு பிரதி. உங்கள் 11 ஜிபி எளிதாக 25 ஜிபி ஆகிவிடும்.

சரி, ஆல் மெயிலை விட்டுவிட்டு லேபிள்களை மட்டும் எடுக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் பலர் மடலை இழக்கிறார்கள். லேபிள் எதுவும் போடாமல் ஆர்க்கைவ் செய்த மடல், ஆல் மெயிலில் தவிர வேறெங்கும் கிடையாது.

வழி இருக்கிறது. ஜிமெயில் செட்டிங்ஸின் ஜெனரல் பகுதியில் கான்வர்சேஷன் வியூவை (ஒரு மடலையும் அதன் பதில்களையும் ஒரே உரையாடலாகக் காட்டுவது) முதலில் அணையுங்கள். இல்லாவிட்டால் ஒரு உரையாடலில் ஒரே ஒரு மடல் பொருந்தினாலும் மொத்த உரையாடலும் தேர்வாகும். பிறகு தேடல் பெட்டியில் ஹேஸ்:நோயூசர்லேபிள்ஸ் என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். அதோடு மைனஸ் குறி போட்டு இன்:இன்பாக்ஸ், மைனஸ் குறி போட்டு இன்:சென்ட் இரண்டையும் சேருங்கள். வருவதெல்லாம் அநாதை மடல்கள். மேலே உள்ள கட்டத்தில் டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் இருப்பவை மட்டும்தான் தேர்வாகும். பக்கத்தில் தோன்றும் 'இந்தத் தேடலில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்ற வரியையும் சொடுக்கி, எல்லாவற்றுக்கும் 'மீதி' என்று ஒரு லேபிள் போடுங்கள். இனி இன்பாக்ஸ், சென்ட், உங்கள் லேபிள்கள், 'மீதி' ஆகியவற்றை எடுத்தால் போதும், ஆல் மெயிலைத் தொடவே வேண்டாம். ஸ்பேம், ட்ராஷ் இரண்டையும் விட்டுவிடுங்கள், அவை 30 நாளில் தானாக அழிபவை.

ஓலைச்சுவடி:
11 ஜிபிக்கு ஐமேப் எதற்கு? நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் மெயிலை மட்டும் டிக் செய்து, கோப்பு அளவில் 50 ஜிபி என்பதைத் தேர்ந்தெடுத்தால் துண்டாகாமல் ஒரே கோப்பாக வரும். உள்ளே இருப்பது எம்பாக்ஸ், அதாவது பல மடல்களை ஒன்றாக வைக்கும் கோப்பு. தண்டர்பேர்டில் 'இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி' ஆட்-ஆனை நிறுவி, லோக்கல் ஃபோல்டர்ஸ் மேல் வலது கிளிக் செய்து எம்பாக்ஸை இறக்குமதி செய்தால் முடிந்தது. தினசரி வரம்பும் இல்லை, பிரதிகளும் இல்லை.

பெட்டகம்:
@ஓலைச்சுவடி காப்புப் பிரதிக்கு அது அருமையான வழி. நீலவானமும் ஒன்று எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நாற்பது லேபிள் வைத்திருப்பவர் தினமும் புழங்க அது சரிப்படாது. எல்லாம் ஒரே குவியலாக வரும். லேபிள் பெயர்கள் ஒவ்வொரு மடலின் ஹெடர் பகுதியிலும் எக்ஸ்-ஜிமெயில்-லேபிள்ஸ் என்ற வரியில் இருக்கும். தண்டர்பேர்டின் மெசேஜ் ஃபில்டரில் அந்த வரியைக் கஸ்டமைஸ் மூலம் சேர்த்துப் பிரிக்க முடியும், ஆனால் லேபிளுக்கு ஒரு விதி எழுத வேண்டும். லேபிள் பெயர் தமிழில் இருந்தால் அந்த வரி குறியீடாக மாறி இருக்கும், விதி பொருந்தாமல் போகலாம். படித்த மடல்களும் படிக்காதவையாகவே வந்து நிற்கும். பத்துக்கும் குறைவான லேபிள் என்றால் டேக்அவுட், அதற்கு மேல் ஐமேப் என்பது என் கணக்கு.

கம்பிவழி:
தொடர்புகளுக்கு வருவோம். சந்தேகமே வேண்டாம், வி-கார்டு. சிஎஸ்வியில் தண்டர்பேர்ட் ஒருவருக்கு இரண்டு மின்னஞ்சல் முகவரி வரைதான் எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு நெடுவரிசையும் எந்தப் புலத்துக்கு என்று நாம் பொருத்தியும் தர வேண்டும். அதைவிட மோசம், பலரும் சிஎஸ்வியை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமிப்பது. தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும், தொலைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யமும் கூட்டல் குறியும் காணாமலும் போகும். திருத்தியே ஆக வேண்டுமென்றால் லிப்ரெஆஃபிஸ் கால்க்கில் திறந்து, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்றும் எண் நெடுவரிசை டெக்ஸ்ட் என்றும் கொடுங்கள்.

கூகுள் கான்டாக்ட்ஸில் 'அதர் கான்டாக்ட்ஸ்' என்று தனிப் பட்டியல் ஒன்று உண்டு. நீங்கள் மடல் எழுதியவர்களை அதுவாகவே அங்கே சேர்த்து வைக்கும். சாதாரண ஏற்றுமதியில் அவர்கள் வர மாட்டார்கள். வேண்டியவர்களை முதலில் கான்டாக்ட்ஸில் சேர்த்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். குழுக்கள் தண்டர்பேர்டின் மெயிலிங் லிஸ்டாக மாறாது. குழு முக்கியமென்றால் (கூகுள் கான்டாக்ட்ஸில் குழுவுக்கும் பெயர் லேபிள்தான்) ஒவ்வொரு லேபிளையும் தனித்தனி வி-கார்டாக எடுத்து, தனித்தனி முகவரிப் புத்தகமாக இறக்குமதி செய்யலாம்.

கைப்பேசியிலும் அதே தொடர்புகளைப் பயன்படுத்துபவர் என்றால் இறக்குமதியே தேவையில்லை. தண்டர்பேர்ட் 91-ஆம் பதிப்பு முதல், தொடர்புகளை இணையத்தோடு ஒத்திசைக்கும் கார்ட்டேவ் வசதி இருக்கிறது. அட்ரஸ் புக்கில் கார்ட்டேவ் புத்தகம் சேர்த்து கூகுளில் நுழைந்தால் இரு பக்கமும் ஒத்திசையும். இதுவும் ஐமேப் மாதிரிதான், அங்கே அழித்தால் இங்கேயும் அழியும்.

நீலவானம்:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம். இன்பாக்ஸில் ஜிமெயில் காட்டும் எண்ணிக்கையைவிட தண்டர்பேர்டில் இரண்டாயிரத்துக்கு மேல் அதிகமாக இருக்கிறது. ஏதோ இரட்டிப்பாகிவிட்டதா?

பெட்டகம்:
இல்லை. கான்வர்சேஷன் வியூ இயங்கும்போது ஜிமெயில் எண்ணுவது உரையாடல்களை, தண்டர்பேர்ட் எண்ணுவது மடல்களை. அதை அணைத்துவிட்டு ஒப்பிடுங்கள். ஆனால் நீங்கள் உண்மையில் ஒப்பிட வேண்டியது தண்டர்பேர்டின் ஐமேப் ஃபோல்டரையும் அதன் லோக்கல் நகலையும். வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ் போனால் எண்ணிக்கை தெரியும். ஒன்று குறைந்தாலும் அந்த ஃபோல்டரைக் காலி செய்து மறுபடி நகலெடுங்கள். அதன்பின் இணையத்தைத் துண்டித்து, பழைய மடல்கள் சிலவற்றின் இணைப்புகளைத் திறந்து பாருங்கள்.

லோக்கல் ஃபோல்டர் ஒவ்வொன்றும் டிஸ்கில் ஒரே ஒரு எம்பாக்ஸ் கோப்பு. ஆன்டிவைரஸ் அதில் ஒரு கெட்ட இணைப்பைக் கண்டால் மொத்தக் கோப்பையும் தூக்கித் தனிமையில் போட்டுவிடலாம். அதனால் தண்டர்பேர்ட் தன் மடல்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். அது எங்கே இருக்கிறது என்பது ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷனில் தெரியும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். எஃப்ஏடி32 வடிவில் உள்ள பென்டிரைவ் வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது.

கம்பிவழி:
அழிப்பதை ஜிமெயில் இணையப் பக்கத்திலேயே செய்யுங்கள். தண்டர்பேர்டிலிருந்து அழித்தால், ஐமேப் அமைப்பைப் பொறுத்து லேபிள் மட்டும் கழன்று மடல் ஆல் மெயிலில் தங்கிவிடலாம். இணையத்தில் அழித்த பிறகும் ட்ராஷைக் காலி செய்தால்தான் இடம் குறையும்.