லிஸ்பனில் முதல் சில நாட்கள்: மேடு, ரொட்டிக் கணக்கு, அந்தோனியார்

போர்ச்சுகலுக்குப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு கூட்டமாகப் போகலாமா என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். போன ஜூனில் தூத்துக்குடி, சென்னை என்று இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் சேர்ந்து போனோம். முழுப் பயணத்தையும் சொல்லப் போவதில்லை, லிஸ்பனில் இருந்த ஆரம்ப நாட்கள் மட்டும்.

முதலில் மேடு. வரைபடத்தில் எல்லாமே பத்து நிமிட நடைதான், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் ஏற்றம். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள் பதித்திருக்கிறார்கள், ஆள் நடந்து நடந்து வழவழவென்று தேய்ந்துவிட்டன. ஒரு தூறல் போட்டால் போதும், செருப்பு தானாகக் கிளம்பிவிடும். அத்தை முதல் நாள் சாயங்காலமே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷூவுக்கு மாறிவிட்டார். மூட்டுவலிக்காரர்கள் கூட வந்தால் பைஷா பகுதியில் அறை எடுங்கள். 1755 நிலநடுக்கத்தில் அழிந்தபின், அமைச்சர் பொம்பால் நேர்நேர் தெருக்களாகத் திரும்பக் கட்டவைத்த சமதளம் அது.

28ஆம் எண் மஞ்சள் டிராம் குட்டி வண்டி. எங்களைப் போன்ற கூட்டம் அது கிளம்பும் மார்த்தீம் மொனீசில் வரிசையில் நின்று ஒன்றாக ஏறுவது நடக்கிற காரியமில்லை. மறுமுனையான காம்போ த ஓரிக்கேவில் காலையிலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஜேப்படிக்குப் பேர்போன தடம், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டி எல்லாம் மேசைக்கு வரும். "பரவாயில்லையே, உபசாரம் பலமா இருக்கே" என்று சித்தப்பா இரண்டாவது கூடையும் கேட்டு வாங்கினார். பில்லில் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காசு. அந்த ஊர் வழக்கமே அதுதான்: தொட்டால் காசு, தொடாவிட்டால் இல்லை. வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் எடுத்துப் போய்விடுகிறார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் இன்றுவரை சமாதானமாகவில்லை.

பெலேம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்துக்குள் நுழைந்ததுமே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. கொச்சியில் 1524இல் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டு, பிறகு ஊருக்குக் கொண்டுவரப்பட்டவர். மடம் கட்டிய பணத்தில் மிளகு, வாசனைப் பொருள் வியாபாரத்தின் மேல் போட்ட வரியும் உண்டு. கல்லில் கயிறும் பாய்மரமுமாகச் செதுக்கியிருக்கும் வேலைப்பாடு அபாரம். ஆனால் 1502இல் மக்கா யாத்திரிகர்களின் கப்பலை ஆட்களோடு கொளுத்திய மனிதர் அவர். எனக்குக் கை கூப்பத் தோன்றவில்லை.

அத்தைக்காகப் போன இடம் வேறு, அந்தோனியார் கோயில். நமக்கெல்லாம் அவர் பதுவை அந்தோனியார். பதுவை இத்தாலியில் இருக்கிறது, அவர் அடக்கமான ஊர். பிறந்தது லிஸ்பனில். பேராலயத்துக்குப் பக்கத்திலேயே, அவர் பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லும் இடத்தில் ஒரு சின்னக் கோயில். நிலநடுக்கத்துக்குப் பின் திரும்பக் கட்டியது. குறுகலான படியிறங்கினால் நிலவறை. 1982இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்துபோனதை ஓட்டுச் சித்திரமாகச் சுவரில் பதித்திருக்கிறார்கள். பிரான்சிஸ்கன் துறவியாவதற்கு முன் அந்தோனியார் பெயர் பெர்னாந்தோ என்று நான் வாசித்துச் சொன்னதுதான் தாமதம், "நம்ம பர்னாந்தா!" என்றார் அத்தை. அத்தையின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் அதுதான்.

மெழுகுவர்த்தி விற்ற அம்மா "கோவாவா?" என்று கேட்டார். இந்தியா என்றாலே அங்கே முதல் கேள்வி அதுதான். அத்தை பதில் பேசாமல் போனில் திருநெல்வேலிக் கடலோர உவரி அந்தோனியார் படத்தை எடுத்து நீட்டினார். காலராவில் விழுந்த போர்ச்சுகீசியக் கப்பல்காரர்கள் செதுக்கிய சுரூபம் என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். கையில் குழந்தை இயேசுவைப் பார்த்ததும் அந்த அம்மா உள்ளே போய் இன்னொருவரையும் கூட்டிவந்துவிட்டார். இருவரும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஜூன் 13 திருநாளுக்கு இங்கே சின்ன ரொட்டி கொடுப்போம் என்று சைகையில் காட்ட, அத்தை எங்கள் ஊரில் அசனம், அதாவது எல்லோருக்கும் பொது விருந்து, போடுவதைத் தமிழிலேயே விளக்கினார். எப்படியோ புரிந்துகொண்டார்கள். அன்று கோட்டைக்குப் போகத் திட்டம். அத்தை வர மறுத்துவிட்டார், நாங்களும் வற்புறுத்தவில்லை.

*

அதே கூட்டத்தில் போன மதினி நான். கொழுந்தனார் விட்டதை மட்டும் சொல்கிறேன்.

சைவக்காரர்கள் கவனத்துக்கு: கால்டோ வெர்த் என்று பச்சையாக ஒரு கீரை சூப் வரும். அதில் பன்றி இறைச்சி சாசேஜ் துண்டு போடுவது வழக்கம், முன்கூட்டியே கேளுங்கள். எனக்குச் சில நேரம் முட்டை, உருளைக்கிழங்கு, நாட்டா டார்ட் என்ற முட்டைக் கஸ்டர்ட் பலகாரம்தான் சாப்பாடு. மேலே தீய்ந்த புள்ளியோடு சூடாக வரும் அந்த டார்ட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தோனியார் திருநாளுக்கு முந்தின ஜூன் 12ஆம் தேதி ராத்திரி, பழைய அல்பாமா பகுதிச் சந்துகளுக்குள் கால் வைக்க இடமில்லை. வீட்டுக்கு வீடு வாசலில் அடுப்பு வைத்து மத்தி மீன் சுடுகிறார்கள், புகை கண்ணைக் கரிக்கிறது. துளசி வாசமடிக்கும் சின்னத் தொட்டிச் செடியில் காகிதப் பூவும் இரண்டு வரிப் பாட்டும் குத்தி விற்கிறார்கள். இலையை மூக்கால் தொடக்கூடாதாம், கையால் தடவிக் கையைத்தான் முகர வேண்டுமாம். தூங்க நினைப்பவர்கள் அந்தப் பகுதியில் அறை எடுக்காதீர்கள். மறுநாள் 13ஆம் தேதி லிஸ்பனில் விடுமுறை, பல கடைகள் திறக்காது. மருந்து மாத்திரை, காலைச் சாப்பாடு எல்லாம் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.