வாய் காய்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன்

சிறுநீரை அடக்க முடியாமல், இரண்டு வருடமாக எங்கே போனாலும் முதலில் கழிப்பறையைத்தான் தேடுவேன். பகலில் 15 முறை, இரவில் 3 முறை. கதவைத் திறப்பதற்குள் உடை நனைந்த நாட்களும் உண்டு. வயதாகிவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

மருத்துவர், எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு போனது, என்ன குடித்தேன் என்று 3 நாள் குறித்துவரச் சொன்னார். கிருமித் தொற்று இல்லை என்று தெரிந்தபின் சாலிஃபெனாசின் என்ற மாத்திரை தந்தார், 5 மில்லிகிராம், தினம் ஒன்று.

சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்க வைப்பது, நரம்புகள் வெளியிடும் அசிட்டைல்கோலின் என்ற பொருள். எனக்குப் பை நிறையும் முன்பே தசை சுருங்கிவிடுகிறது. மாத்திரை அந்த அசிட்டைல்கோலினைத் தசையில் போய்ச் சேரவிடாமல் தடுக்கிறது. ஆனால் உமிழ்நீர் சுரக்கவும் குடல் அசையவும் அதே பொருள் வேண்டுமே! வாய் வறண்டது, மலச்சிக்கலும் வந்தது.

வாய் காய்கிறதே என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தேன். போவது இன்னும் கூடியது. மருந்து வேலை செய்யவில்லை என்று 10ஆம் நாள் நானே நிறுத்திவிட்டேன். பெரிய தவறு. பலன் முழுதாகத் தெரிய 4 வாரமாவது ஆகும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். மறுபடி தொடங்கினேன். வாய் வறட்சிக்குச் சர்க்கரை இல்லாத சூயிங்கம், நடுநடுவே ஒரு வாய் தண்ணீர். காபியைக் குறைத்தேன். அவசரம் வந்தால் ஓடாமல் அப்படியே நின்று, சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கிப் பழகினேன். 6ஆம் வாரம் மூன்று மணி நேரப் பயணம் போனேன், வழியில் ஒருமுறைகூட இறங்கவில்லை. அன்று அழுதே விட்டேன்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் அம்மாவுக்காக எழுதுகிறேன், அவருக்கு 76 வயது. இதே தொல்லைக்கு, அசிட்டைல்கோலினைத் தடுக்கும் ஆக்சிபியூட்டினின் மாத்திரை சாப்பிட்ட இரண்டாவது வாரம் கிழமை மறந்தார், பேச்சு தடுமாறியது. மறதி நோய்தான் வந்துவிட்டது என்று பயந்துபோனோம். சளிக்கு நாங்களே வாங்கிக் கொடுத்த குளோர்ஃபெனிரமைனும் இதே வேலையைச் செய்யும் மருந்து என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து மூளையைக் குழப்பியிருக்கின்றன. இரண்டையும் நிறுத்தி மிராபெக்ரானுக்கு மாற்றினார்கள். அது வேறு வழியில் தசையைத் தளர்த்தும், ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் நீங்களாக வாங்கியதையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண் அழுத்த நோயோ, சிறுநீர் முழுதாக வெளியேறாத தொல்லையோ இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

ஆக்சிபியூட்டினின் தோலில் ஒட்டும் பட்டையாகவும் வருகிறது, அதில் வாய் வறட்சி குறைவு என்கிறார்கள். யாராவது ஒட்டிப் பார்த்திருந்தால் தோல் அரித்ததா என்று எழுதுங்கள்.