புதுப்பிப்பு: சங்கமன் கவுண்டி கல்லறைகள், ஒரு திருத்தம்

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் உள்ள சங்கமன் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அரசியல்வாதிகள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று முன்பு எழுதியபோது, ஆபிரகாம் லிங்கனின் நண்பர் எட்வர்ட் பேக்கரையும் ஸ்பிரிங்ஃபீல்டின் ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் சேர்த்துவிட்டேன். தப்பு. 1861-ல் செனட்டராக இருக்கும்போதே போர்க்களத்தில் இறந்த அவருடைய கல்லறை சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. ஆனால் லிங்கன் அவருடைய பெயரையே வைத்த தன் குட்டிப் பையன் எடி, ஓக் ரிட்ஜில் அப்பா லிங்கனின் சமாதிக்குள்ளேயே கிடக்கிறான், இதைப் படித்தபோது மனசு கனத்துப் போனது.

மற்றவை சரிதான். லிங்கனோடு வக்கீல் தொழில் நடத்திய ஸ்டூவர்ட், லோகன், ஹெர்ண்டன் மூவருமே அங்கேதான். ஸ்டூவர்ட், 1838-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில், பின்னாளில் லிங்கனின் அரசியல் எதிராளியான ஸ்டீபன் டக்ளஸை வெறும் 36 ஓட்டில் ஜெயித்தவர்.

அப்புறம், அங்கே போனால் சமாதி வாசலில் இருக்கும் வெண்கலத் தலையைப் பாருங்கள், ஜனங்கள் தொட்டுத் தொட்டு லிங்கனின் மூக்கு மட்டும் பொன்னாக மின்னும்.