க்வெரியில் நிலையான மதிப்பு: எங்கெங்கே கால் வாரும்?

சென்னை, மதுரை கிளைகளின் பில்களை ஒரே அறிக்கையில் காட்டும்போது, எந்தப் பதிவு எந்தக் கிளையுடையது என்று தெரிய டேபிளில் புது நெடுவரிசை தேவையில்லை. க்வெரியிலேயே (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) கிளையின் பெயரை நிலையான மதிப்பாக, அதாவது எல்லாப் பதிவுக்கும் ஒரே மாதிரி வரும் மதிப்பாக, எழுதிவிடலாம்:

செலக்ட் பில்_எண், தொகை, 'சென்னை' ஆஸ் கிளை ஃப்ரம் பில்_சென்னை
யூனியன் ஆல்
செலக்ட் பில்_எண், தொகை, 'மதுரை' ஃப்ரம் பில்_மதுரை

நெடுவரிசைப் பெயரை முதல் செலக்ட்டில் கொடுத்தால் போதும். மேற்கோள் ஒற்றையாகவே இருக்கட்டும். இரட்டையாகப் போட்டால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அதை நெடுவரிசைப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லை எனப் பிழை காட்டும். இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் வழக்கமான அமைப்பில் உரையாகவே ஏற்றுக்கொள்ளும். அதனால் வேறு டேட்டாபேஸுக்கு மாறும்போதுதான் தவறு தெரியவரும்.

---

ஆல் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வெறும் யூனியன் போட்டால், ஒரே கிளைக்குள் பில் எண்ணும் தொகையும் ஒத்திருக்கும் இரண்டு பதிவுகள் ஒன்றாகிவிடும். மொத்தத் தொகை குறையும், பிழைச் செய்தியும் வராது.

---

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 'சென்னை' என்று எழுதினால், டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளைச் சேமிக்கும், ஒப்பிடும் முறை) யூடிஎஃப்-8 ஆக இல்லாதபோது ஆறு கேள்விக்குறிகள் வரும். ச, எகரக் கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் கொம்பு: ஆறு குறியீடுகள், ஆறு கேள்விக்குறி. மேற்கோளுக்கு முன்னால், இடைவெளி விடாமல், ஆங்கிலப் பெரிய எழுத்து 'என்' சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், சேமிக்கும் நெடுவரிசை என்வார்சார் (யூனிகோட் உரை வகை) ஆக இருந்தாலும் பயனில்லை. க்வெரியிலேயே எழுத்து போய்விடுகிறது.

---

அதே சர்வரில் செலக்ட் இன்டூ போட்டு, க்வெரி முடிவிலிருந்து புது டேபிள் உருவாக்குகிறவர்கள் நீளத்தையும் கவனியுங்கள். அந்த முன்னெழுத்தோடு 'புது' என்று கொடுத்தால் உருவாகும் நெடுவரிசை என்வார்சார்(4), அதாவது நான்கு குறியீடுகளுக்குத்தான் இடம். பிறகு அதில் 'முடிந்தது' என்று மாற்றப் போனால் இடம் போதாது என்று நின்றுவிடும். வெறும் நல் (மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் சொல்) கொடுத்தால் இன்ட் (முழு எண்) வகையாகிவிடும். பின்னால் தேதி போட நினைத்திருந்தால் வீண். காஸ்ட் செய்து வகையையும் நீளத்தையும் நீங்களே சொல்லிவிடுவதுதான் சரி.

---

இடப்பக்க டேபிளின் எல்லாப் பதிவுகளையும் வைத்துக்கொண்டு, பொருந்தும் வலப்பக்கப் பதிவுகளைச் சேர்க்கும் லெஃப்ட் ஜாயினில் வருவதுதான் பெரிய ஏமாற்று. வெளி செலக்ட்டில் 'பாக்கி உண்டு' என்று எழுதினால், பாக்கியே இல்லாத வாடிக்கையாளருக்கும் அது வரும். மதிப்பை வலப்பக்கத் துணைக்க்வெரிக்குள் வையுங்கள்:

லெஃப்ட் ஜாயின் (செலக்ட் டிஸ்டிங்க்ட் வாடிக்கையாளர்_எண், 'பாக்கி உண்டு' ஆஸ் நிலை ஃப்ரம் பாக்கிகள்) பா

பொருந்தாதவர்களுக்கு நிலை நல் ஆக வரும். டிஸ்டிங்க்ட் இல்லாவிட்டால் மூன்று பாக்கி உள்ளவர் மூன்று முறை வருவார்.

---

டேபிள் காலியாக இருந்தால் நிலையான மதிப்பும் வராது. பதிவு இருந்தால்தானே அதன் பக்கத்தில் நிற்க முடியும். எப்படியும் ஒரு பதிவு வேண்டுமென்றால், கூட்டுத்தொகை நல் ஆனால் 0 தரும் கோஅலெஸ்(சம்(தொகை), 0) போடுங்கள், ஆனால் குரூப் பை (பதிவுகளைக் குழுவாக்குவது) சேர்க்காமல். சேர்த்தால் காலி டேபிளுக்கு மறுபடியும் ஒன்றும் வராது. டேபிளே இல்லாமல் மதிப்பை மட்டும் எடுக்க, ஆரக்கிளின் பழைய பதிப்புகளில் ஃப்ரம் டூயல் கட்டாயம் (டூயல் என்பது ஆரக்கிளே தரும் ஒற்றைப் பதிவு டேபிள்). 23ஏஐ பதிப்பிலிருந்து தேவையில்லை.