சிங்கப்பூர் - நியூயார்க்: 17 மணி நேரமா, 18 மணி 40 நிமிடமா?

உட்லண்ட்ஸ்வாசி:
தங்கைக்கு ஜூனில் பிரசவம். 71 வயது அம்மாவைச் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்துக்குத் தனியாக அனுப்புகிறேன், நேரடி விமானம். நள்ளிரவு 12 மணிக்கு ஏறினால் அதே நாள் காலை 6.40க்கு இறங்கலாம் என்று டிக்கெட்டில் இருக்கிறது. அதைப் பார்த்த அம்மா, “ஆறே முக்கால் மணி நேரம்தானே, இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினே?” என்கிறார்.

என் குழப்பம் வேறு. தூரம் 15,300 கிலோமீட்டர் சொச்சம். மணிக்கு 900 என்று வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. டிக்கெட்டிலோ 18 மணி 40 நிமிடம். மீதி எங்கே போகிறது? அப்புறம், இரவில் சுகர் மாத்திரை, காலையில் பிரஷர் மாத்திரை போடுகிறார். எந்த ஊர் நேரப்படி கொடுப்பது?

தெம்பனிஸ்காரன்:
ஓர் உலக உருண்டையும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் தீர்க்கரேகையில் 178 பாகை வித்தியாசம், கிட்டத்தட்ட நேர் முதுகுப்பக்கம். அதனால் நூலை இழுத்துப் பிடித்தால் வட துருவத்தை ஒட்டிப் போகும். இங்கிருந்து துருவம் 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் 49.4. மொத்தம் 138. பாகைக்கு 111 கி.மீ. வைத்துப் பெருக்குங்கள், உங்கள் 15,300 வந்துவிடும்.

ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போகாது. பத்துப் பதினோரு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. அதை முதுகில் வாங்கிக்கொள்ள ஜப்பான் பக்கம் போய், பசிபிக் கடலைத் தாண்டும். அந்தச் சுற்றுவழி 16,700 கி.மீ. வரை வரும். தூரம் கூடினாலும் எரிபொருள் மிச்சம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் 18 மணி 40 சரிதான்.

அம்மாவின் கணக்கும் பாதி சரி! கோடையில் நியூயார்க் நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால். முள் கடிகாரம் என்றால் திருப்பவே வேண்டாம். நவம்பரில் அங்கே நேரத்தை மாற்றியதும் 13 ஆகிவிடும்.

மருந்துக்கடை அக்கா:
விமானத்தில் இருக்கும்வரை சிங்கப்பூர் நேரமே இருக்கட்டும். அங்கே போனபின் காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் இடம் மாறும், அதை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். இன்சுலின் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். மாத்திரைகள் கைப்பையில்தான், பெட்டியில் வேண்டாம். கால் வீங்கும், இடைகழி ஓர இருக்கை கேளுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றி அண்ணா, அக்கா. மகனின் உருண்டையில் அம்மாவின் பூக்கட்டும் நூலை வைத்துப் பார்த்தோம், துருவத்தில் வழுக்கி வழுக்கி விழுந்தது. திரும்பி வரும்போது எதிர்க்காற்றுதானே? திங்கள் இரவு ஏறினால் புதன் விடிகாலைதான் இங்கே இறங்குகிறார்.

தெம்பனிஸ்காரன்:
நாள் மாறுவதால் அப்படித் தெரிகிறது, பயண நேரம் ஏறக்குறைய அதேதான். எதிர்க்காற்றும் கிடையாது. பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகத் திரும்பவும் கிழக்கேதான் வரும்.

உட்லண்ட்ஸ்வாசி:
அம்மாவிடம் சொன்னேன். “அப்போ நான் உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு வரப் போறேனா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மாமிக்குப் போன் போட எழுந்துவிட்டார்.