செக் நாட்டின் பிர்னோ நகரத் தமிழ்க் குடும்பங்கள் குழு: கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு எந்த மாவு?

கயல்விழி, காலை 8:40
அனைவருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு நெருங்கிவிட்டது. மாலையில் எங்கள் குடியிருப்பின் படியேறும்போதே வெண்ணெயும் வனிலாவும் மணக்கத் தொடங்கிவிட்டன. செக் வீடுகளில் டிசம்பர் முழுவதும் சுட்டுச் சேர்க்கும் ட்சுக்ரொவீ பலகாரங்களில் இரண்டு மூன்றையாவது இந்த ஆண்டு நாம் எல்லோரும் சேர்ந்து முறையாகச் செய்யலாமா? தேவகி அக்கா, உங்கள் மாமியார் இந்த நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவைச் சேர்ந்தவர் என்பதால் உங்களைத்தான் கேட்கிறேன். கடையில் கோதுமை மாவு மூன்று வகையாக அடுக்கியிருக்கிறார்கள். எதை வாங்குவது என்பதிலிருந்தே சொல்லுங்கள்.

முரளி, காலை 8:52
எனக்கும் அதே ஐயம் உண்டு, அக்கா. மூன்றும் கோதுமைதான், மூன்றும் வெள்ளைதான் என்னும்போது எதை எடுத்தாலும் ஒன்றுதானே?

தேவகி, காலை 9:20
ஒன்றல்ல, தம்பி. இந்த ஊர்ச் சமையலைக் கற்க விரும்புகிறவர்கள் முதலில் மாவைத்தான் அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மூன்றுக்கும் உள்ள வேறுபாடு அரைத்த பருமன்தான். ஹ்லட்கா என்பது மிக நைசாக அரைத்தது. நம் மைதாவுக்கு நெருக்கமானது. ஹ்ருபா என்பதை விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், மிகச் சன்னமான ரவையைப் போல நறநறக்கும். போலோஹ்ருபா இரண்டுக்கும் நடுவில் நிற்பது.

பிஸ்கட் வகைப் பலகாரங்களுக்கு ஹ்லட்கா. ஈஸ்ட் சேர்த்து உப்பவைக்கும் புக்தி, கொலாச் போன்றவற்றுக்கு என் மாமியார் போலோஹ்ருபாதான் எடுப்பார். வேகவைத்துக் குழம்போடு பரிமாறும் மாவுப் பண்டமான க்னெட்லீக்குக்கு ஹ்ருபா. பருமனான மாவு தண்ணீரை மெதுவாக இழுத்துக்கொள்வதால், வெந்த பிறகும் க்னெட்லீக் பஞ்சாகப் பிரிந்து நிற்கும். அதையே நைஸ் மாவில் செய்தால் பசையாக இறுகிப்போகும். குறிப்பில் எந்த மாவு எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள், இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

கயல்விழி, காலை 9:31
அருமை, அக்கா. அப்படியானால் முதலில் எந்தப் பலகாரத்தைத் தொடங்கலாம்?

தேவகி, காலை 9:58
லினெட்ஸ்கேயில் தொடங்குங்கள், கயல். அதன் அளவு யாருக்கும் மறக்காது: ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. அதாவது 100 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் ஹ்லட்கா மாவு, ஒரு முட்டை மஞ்சள் கரு, கொஞ்சம் துருவிய எலுமிச்சைத் தோல். குளிர்ந்த வெண்ணெயை மாவோடு விரல் நுனியால் உதிர்த்துச் சேர்த்து, மற்றவற்றையும் போட்டு, ஒன்றுதிரண்டவுடன் கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசையும் பழக்கத்தில் நம் கை நிற்காது. ஆனால் இதை அழுத்திப் பிசைந்தால் பலகாரம் கடினமாகிவிடும்.

உருட்டிய மாவை மூடி இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் சிறு சிறு பகுதியாக எடுத்து, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அச்சால் வெட்டுங்கள். பாதியை முழுதாகவும் மீதிப் பாதியை நடுவில் துளையிட்டும் வெட்ட வேண்டும். ஓவன் 170 டிகிரியில் சூடாக இருக்கட்டும். எட்டு முதல் பத்து நிமிடங்களில் ஓரம் இலேசாக நிறம் மாறத் தொடங்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகு, ரிபீஸ் என்னும் சிவப்புச் சிறுபழத்தின் ஜாமைத் தடவி, துளையுள்ளதை மேலே வைத்து ஒட்டுங்கள். இனிப்பு மிகுந்த பலகாரத்துக்கு அந்தப் பழத்தின் புளிப்புத்தான் உயிர். ஸ்ட்ராபெரி ஜாமில் அந்தச் சுவை வராது.

சரவணன், காலை 10:05
எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை, தேவகி. மஞ்சள் கரு இல்லாமல் இது வருமா?

தேவகி, காலை 10:14
வரும், அண்ணா. கொஞ்சம் அதிகமாக உதிரும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது வனில்கொவே ரொஹ்லீச்கி என்னும் பிறை வடிவப் பலகாரம். அதில் முட்டையே இல்லை. 250 கிராம் ஹ்லட்கா மாவு, 200 கிராம் வெண்ணெய், 100 கிராம் நைசாக அரைத்த வால்நட், 80 கிராம் பொடித்த சர்க்கரை. இந்த மாவையும் குளிரவைத்து, சுண்டுவிரல் கனத்துக்கு உருட்டி, துண்டாக்கி, பிறையாக வளைத்துச் சுட வேண்டும். சூடு தணிவதற்குள் வனிலா கலந்த பொடிச் சர்க்கரையில் புரட்டினால்தான் சர்க்கரை ஒட்டும். ஓவனிலிருந்து எடுத்த உடனே தொட்டாலோ கையிலேயே நொறுங்கிவிடும். தட்டைத் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்கும் சூடு இருக்கும் நேரம்தான் சரியான நேரம்.

பாத்திமா, காலை 10:40
தேவகி அக்கா, என் மகளின் பள்ளித்தோழி வீட்டிலிருந்து ஒரு தட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் சாப்பிடக் கூடாதவை அதில் எவையென்று தெரிந்துகொண்டால் நல்லது.

தேவகி, காலை 11:02
நல்ல கேள்வி, பாத்திமா. மூன்றைக் கவனியுங்கள். தேன்கூடு வடிவில் கூம்பாக இருக்கும் வொசீ ஹ்னீஸ்தாவில் ரம் சேர்ப்பது வழக்கம். அது ஓவனுக்கே போகாத பலகாரம் என்பதால் மது அப்படியே இருக்கும், உள்ளே வைக்கும் முட்டைக் கிரீமிலும் இருக்கும். அடுத்து, சாக்லேட்டில் தோய்த்த உருண்டைகளிலும் பெரும்பாலும் ரம் உண்டு. மூன்றாவது கொழுப்பு. பழைய கிராமத்துக் குறிப்புகளில் வெண்ணெயோடு பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள், குறிப்பாக ஈஸ்ட் மாவில். கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தம் வீட்டுக் குறிப்பைப் பற்றி ஒருவர் விசாரிப்பது இங்கே மகிழ்ச்சியான செய்தி. லினெட்ஸ்கேயும் ரொஹ்லீச்கியும் வெண்ணெயில் செய்தவை என்றால் நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.

முரளி, பகல் 12:15
அக்கா, என் அலுவலக நண்பர் ஒருவர் ஃப்ர்காள் என்று ஒன்றைக் கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். பீட்சா அளவுக்கு வட்டமாக, மேலே கருநிறப் பூரணத்தோடு இருந்தது. அதுவும் கிறிஸ்துமஸ் பலகாரமா?

தேவகி, பகல் 12:50
தம்பி, அது எங்கள் மாமியாரின் ஊர்ப் பெருமை! அவர் கிழக்கு மொராவியாவின் வலாஷ்ஸ்கோ மலைப்பகுதியில், வ்செட்டீனில் பிறந்தவர். ஃப்ர்காள் கிறிஸ்துமஸுக்கும் உண்டு, திருமணத்துக்கும் உண்டு, ஊர்த் திருவிழாவுக்கும் உண்டு. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலம். அடியில் மெல்லிய ஈஸ்ட் மாவு, அதன்மேல் ஓரம்வரை தடவிய தாராளமான பூரணம், அதற்கும் மேல் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து உதிர்த்த ட்ரொபென்கா. வலாஷ்ஸ்கோ ஃப்ர்காளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு 2013இல் கிடைத்தது. நீங்கள் சாப்பிட்ட கருநிறப் பூரணம் உலர்ந்த பேரிக்காயாக இருந்திருக்கும். அந்த மலையில் மற்ற பழங்களைவிடப் பேரிக்காய் எளிதாகக் கிடைத்தது. அதை உலர்த்தி வைத்து, குளிர்காலத்தில் வேகவைத்து மசித்து, பட்டையும் அன்னாசிப்பூவும் சேர்த்துப் பூரணமாக்கினார்கள்.

மற்றப் பூரணங்கள் கசகசா, த்வரொஹ் என்னும் புதுப் பாலாடைக்கட்டி, போவிட்லா. இந்தப் போவிட்லாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இலையுதிர்காலத்தில் நன்கு பழுத்த பிளம்ஸ் பழங்களைக் கொட்டை நீக்கி, சர்க்கரையே சேர்க்காமல், பல மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்தால் கருத்துத் திரண்டு வரும். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரவேண்டும். சர்க்கரை சேர்த்து விற்பதும் கடையில் உண்டு. புட்டியின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சரவணன், பகல் 1:10
கசகசா என்றால் நாம் குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதானா?

தேவகி, பகல் 1:24
செடி ஒன்றே, அண்ணா. விதையின் நிறம்தான் வேறு. நம் சமையலறையில் இருப்பது வெள்ளை, இங்கே சாம்பல் கலந்த நீலம். உணவுக் கசகசாவை உலகிலேயே பெருமளவில் விளைவிக்கும் நாடுகளில் செக் நாடும் ஒன்று. பலகாரத்துக்கு இதை முழுதாகப் போட்டால் மணம் வராது. அதற்கென்றே உள்ள கைப்பிடி அரைவையில் நசுக்கி, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும். அரைத்த கசகசா சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும் என்பதால் அரைத்ததைக் கடையில் வாங்காதீர்கள். என்னிடம் அரைவை இருக்கிறது, தருகிறேன்.

பாத்திமா, மாலை 5:30
அக்கா, 24ஆம் தேதி இரவுச் சாப்பாட்டையும் இந்த ஊர் முறைப்படியே ஒரு முறை செய்துபார்க்க ஆசையாக இருக்கிறது. பொரித்த கார்ப் மீனும் உருளைக்கிழங்கு சாலடும் என்று தெரியும். சரவணன் அண்ணன் வீட்டுக்கு ஏதாவது இருக்கிறதா?

தேவகி, மாலை 6:05
இருக்கிறது. அதுவும் மீனுக்கு முன்பே அந்த மேசைக்கு உரியது. குபா என்று பெயர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நோன்பு நாள் என்பதால் இறைச்சி இல்லாத உணவாகவே அது உருவானது. தோல் நீக்கிய பார்லியைக் கழுவி ஊறவைத்து, உப்பிட்டு வேகவையுங்கள். உலர்ந்த காட்டுக் காளான்களைத் தனியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரிலேயே கொஞ்சம் கேரவே விதையோடு வேகவையுங்கள். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, எல்லாவற்றையும் காளான் தண்ணீரோடு கலந்து, நசுக்கிய பூண்டும் உள்ளங்கையில் தேய்த்த மார்ஜோரம் என்னும் உலர்ந்த வாசனை இலையும் தாராளமாகச் சேர்த்து, நெய் தடவிய தட்டில் பரப்பி, மேலே முறுகலாகும்வரை ஓவனில் வையுங்கள். பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு. நாம் வெண்ணெய் சேர்ப்போம்.

பூண்டை மட்டும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். காளானுக்காகப் பணம் செலவழிப்பதில் கணக்குப் பார்க்காதீர்கள், குபாவின் சுவை முழுவதும் அதில்தான் இருக்கிறது. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் இந்த ஊர்க்காரர்கள் கூடையோடு காட்டுக்குப் போவது இதற்காகவும்தான்.

கயல்விழி, மாலை 6:20
அக்கா, இவ்வளவையும் உங்கள் மாமியார் எழுதி வைத்திருக்கிறாரா?

தேவகி, மாலை 6:48
எண்ணெய்க்கறை படிந்த ஒரு நோட்டு இருக்கிறது, கயல். அதில் பாதிக் குறிப்புகளுக்கு அளவே இல்லை. "மாவு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு" என்றுதான் இருக்கும். செக் இல்லத்தரசிகளுக்காக அவர்கள் மொழியிலேயே சமையல் புத்தகம் எழுதி 1826இல் வெளியிட்ட மக்தலேனா தொப்ரொமிலா ரெட்டிகோவாவை இங்கே எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் தாயும் பாட்டியும் விட்டுச்சென்ற நோட்டுக்குத்தான் முதல் மரியாதை. நம்மில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் செய்கிறபோது அளவுகளைக் கிராமில் எழுதிவையுங்கள்.

முரளி, இரவு 8:10
அப்படியானால் சனிக்கிழமை எங்கள் வீட்டில் கூடலாம். ஓவன் பெரியது. சுட்டவுடன் லினெட்ஸ்கேயை ஒட்டி அன்றே சாப்பிட்டுவிடலாம் அல்லவா, அக்கா?

தேவகி, இரவு 8:25
ஒன்றிரண்டைச் சாப்பிட்டுப் பாருங்கள், தம்பி. மீதியைத் தகர டப்பாவில் தாள் இடையிட்டு அடுக்கி, பால்கனிக் குளிரில் ஒரு வாரமாவது வையுங்கள். ஜாமின் ஈரம் மெல்ல மெல்ல ஏறி, மொறுமொறுவென்று இருந்தது வாயில் கரையும் பதத்துக்கு வரும். அதற்காகத்தான் இவர்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே சுட ஆரம்பிக்கிறார்கள். இஞ்சியும் பட்டையும் மணக்கும் பெர்னீச்கியைத் தனி டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த மணம் எல்லாவற்றிலும் ஏறிவிடும். வெள்ளிக்கிழமை இரவே இரண்டு மாவையும் பிசைந்து குளிரவைத்துவிடுகிறேன். ரிபீஸ் ஜாமைக் கயல் வாங்கட்டும், வால்நட்டைப் பாத்திமா அரைத்து எடுத்து வரட்டும்.

சரவணன், இரவு 8:31
முட்டையில்லாத லினெட்ஸ்கேக்குத் தனியாக ஒரு உருண்டை மாவு பிசைந்துவிடுங்கள், தேவகி. வெண்ணெய் நான் வாங்கி வருகிறேன்.